பதினேழாவது குறிப்பு

முன்னேற்பாட்டுக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயில் பத்தரைக்கு என்றால் ஒன்பதுக்கே நடைமேடையில் நிற்பார். நின்றபடியே, ரயில் வராவிட்டால் எந்த பஸ், பஸ்ஸும் வராவிட்டால் யாருடைய கார், காரும் கிளம்பாவிட்டால் நடந்து போக எத்தனை மணி நேரம் என்று ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டு நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கொரு நகலும் எடுத்து உள்சட்டைப் பையில் வைத்திருப்பார். எங்கள் நார்வேயில் இந்த இனம் நன்றாக விளைகிறது. கைக்குழந்தையையே மூன்று அடுக்குக் கம்பளி சுற்றிப் பனியில் தூங்க வைக்கிற ஜனங்கள் நாங்கள். வளர்ந்த பிறகு வேறு எப்படி இருப்போம்?

இந்த இனத்திலேயே முற்றிப்போன வகை ஒன்று உண்டு. ஒலிப்பதிவுக்குத் தேதி குறிக்கப்பட்ட வாத்தியக்காரர். தேதி குறிக்கும் வரை அவரும் நம்மைப் போல மனிதர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் திறப்பார், நாலு பாட்டு வாசிப்பார், மூடுவார், சாப்பிடுவார். தேதி குறித்த மறுநாளிலிருந்து அவர் வாசிப்பதில்லை. தயாராகிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? வாசிக்கும்போது சத்தம் வரும்.

முதலில் ஸ்டூடியோவுக்கு போன் போடுவார். அறையில் எத்தனை டிகிரி வெப்பம், எவ்வளவு ஈரப்பதம், நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா, உண்டென்றால் கழற்ற முடியுமா, பக்கத்தில் பண்ணை இருக்கிறதா, இருந்தால் மாடுகள் எந்த நேரத்தில் கத்தும்? பிறகு தந்தி. ஒலிப்பதிவுக்கு நாலு நாள் முன்னால் மாற்ற வேண்டும். ஐந்து நாள் என்றால் பழசு, மூன்று நாள் என்றால் இளசு. எங்கள் பிடிலுக்கு மேலே நாலு தந்தி, அவற்றுக்கு அடியில் சும்மா அதிர்ந்துகொண்டிருக்க இன்னும் ஐந்து தந்தி என்பதால், ஒன்பதையும் மாற்றிச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் நாலு நாளில் ஒன்று போய்விடும். பிறகு வில்லுக்குப் புதுக் குதிரைமயிர். பிறகு உதிரித் தந்தி, உதிரித் தந்திக்கு உதிரி. யாராவது "இவ்வளவு எதுக்குய்யா?" என்று கேட்டால் அவர் வாயில் ஒரே பதில்தான் இருக்கும். "எதுக்கும் இருக்கட்டும்."

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹல்வார். வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். மீதி நேரத்தில் பிடில் வாசிக்கிறேன். அதாவது, வாசித்துக்கொண்டிருந்தேன், போன டிசம்பர் மாதத்தில் ஒலிப்பதிவுக்குத் தேதி குறிக்கும் வரை. என் மனைவி யோருன் எங்கள் ஊர் நடனக் குழுவை நடத்துகிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் ஊர்க் கூடத்தில் பயிற்சி. அதே நேரத்தில் நான் மலைமேல் பஸ்ஸில் இருப்பேன். ஆகவே, பிடில்காரனைக் கட்டிக்கொண்டவள் நடத்துகிற குழு இருபது வருஷமாக ஆடிக்கொண்டிருப்பது மேல்பள்ளத்தாக்குப் பிடில்காரர் ஆர்ன்ஃபின்னின் இசைத்தட்டுக்கு. வீட்டுக்கு வந்து அவள் முணுமுணுக்கிற மெட்டு ஆர்ன்ஃபின்னுடையது. பாத்திரம் கழுவும்போது அவள் இடுப்பு அசைவது ஆர்ன்ஃபின்னுக்கு. எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. இருபது வருஷம் எரிந்தது.

கோடையில் தேசியப் போட்டி. குழு இந்த முறை நம் ஊர் மெட்டுக்கே ஆடலாமே என்று யோருன் பேச்செடுத்தாள். ஒன்பது மெட்டு, ஒரே நாள் ஒலிப்பதிவு. அதை மார்ச் மாதத்து முதல் செவ்வாயன்று கூடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். ஆட வந்தால் என்னுடையது, ஆட வராவிட்டால் பழையபடி ஆர்ன்ஃபின். "சொன்ன நாள்ல கையில இருக்கணும், இல்லன்னா அடுத்த இருபது வருஷத்துக்கும் அவர்தான்" என்றாள். எனக்கு வயது ஐம்பத்து நாலு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாய்ப்பு வரும்போது என்னைக் கைத்தாங்கலாகத்தான் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

அன்றைக்கே ஒரு பட்டியல் தேடிப் பிடித்தேன். 'ஒலிப்பதிவுக்குச் செல்லும் இசைக்கலைஞர் கவனிக்க வேண்டிய இருபத்திரண்டு குறிப்புகள்.' எழுதிய மகான் யாரென்று தெரியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். நாலு நகல் எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

முதல் எட்டுக் குறிப்புகளில் தூக்கம், தண்ணீர், தந்தி, வில் என்று எல்லாம் அடங்கிவிட்டன. ஒன்பதாவது, மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னது. டிக், டிக், டிக் என்று ஒரே அளவாகத் தட்டுகிற அந்தப் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் பள்ளத்தாக்கு நடனத்துக்கு மூன்று அடி. ஆனால் மூன்றும் ஒரே அளவில்லை. முதலடி குட்டை, இரண்டாவது நீளம், மூன்றாவது இரண்டுக்கும் நடு. ஏன் அப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மலையில் ஏறி இறங்குகிறவர்கள் வேறெப்படி நடப்பார்கள் என்பார்கள். மெட்ரோனோமுக்கு எங்கள் மலை தெரியாது. தெரியாததைப் போய்க் குருவாக வைத்துக்கொண்டேனே, என்னை என்னவென்று சொல்வது?

அதுகூடப் பரவாயில்லை. பதினேழாவது குறிப்புத்தான் என் குடியைக் கெடுத்தது. 'மைக்கில் வாத்தியம் மட்டுமே கேட்க வேண்டும். உடலிலிருந்து வரும் எந்தச் சத்தமும் ஒலிப்பதிவை நாசமாக்கும்.' இதைப் படித்ததும் என் உடம்பை ஒரு எதிரியைப் போல உட்கார்ந்து கவனித்தேன். எத்தனை சத்தம் இந்த உடம்பில்! மூச்சு சீறுகிறது. கைக்கடிகாரம் டிக்டிக் என்கிறது. சட்டைப் பொத்தான் பிடிலின் முதுகில் தட்டுகிறது. காலையில் கஞ்சி குடித்தால் பதினோரு மணிக்கு வயிறு பேசுகிறது. குடிக்காவிட்டால் பத்து மணிக்கே பேசுகிறது. கடிகாரத்தைக் கழற்றினேன். பொத்தானில்லாத கம்பளிச் சட்டை வாங்கினேன். கஞ்சியை ஏழே காலுக்கு, ஓட்ஸ் மட்டும், பாலில்லாமல், முக்கால் கிண்ணம் என்று பதினாறு நாள் சோதனைக்குப் பிறகு முடிவு செய்தேன். மிச்சம் இருந்தது என் இடது கால்.

பிடில் எடுத்த நாளிலிருந்து அந்தக் கால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். வில் மேலே போனால் கால் கீழே போகும். நான் அதைத் தட்டச் சொன்னதுமில்லை, நிறுத்தச் சொன்னதுமில்லை. இப்போது நிறுத்தச் சொன்னேன். கேட்குமா? கண்டிப்போடு சொன்னேன். கேட்கவில்லை. பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில், ஆளில்லாத பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காலை இருக்கையின் இரும்புக் காலோடு சேர்த்து பனிச்சறுக்கு ஸ்கீயைக் கட்டும் ஒரு வாரால் கட்டிப்போட்டேன். எதிரே மெட்ரோனோம். ஆறு வாரம். முதல் வாரம் கால் துடித்தது. இரண்டாவது வாரம் முனகியது. ஆறாவது வாரம் வாரை அவிழ்த்த பிறகும் அது அசையவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

யோருனுக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் காலையில் ரொட்டியில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்ல வாசிக்கிறதே இல்லையே, ஏன்?"

"புதுத் தந்தி. சமையலறை ஆவி பட்டா சுருதி எறங்கிடும்."

"பஸ்ல குளிர் படாதா?"

"குளிர் ஒரே அளவா இருக்கும்."

அவள் சீஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "என் ஸ்கீ வார்ல ஒண்ணக் காணோம். ஜனவரியிலேர்ந்து தேடுறேன். பாத்தியா?"

"எங்கயாவது கெடக்கும்" என்றேன். பொய்யில்லை, எங்கேயோ கிடக்கத்தான் செய்தது.

"ஹல்வார், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆட வருமா?"

"இருபத்திரண்டுல இருபது முடிச்சாச்சு."

"நான் கேட்டது அதில்ல."

நான் அதற்குள் கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்துவிட்டேன். மணி ஏழே கால்.

ஒலிப்பதிவு நாள் வந்தது. ஸ்டூடியோ, பக்கத்து ஊரில் ஒரு காலத்தில் வெண்ணெய் கடைந்த பால்பண்ணைக் கட்டடம். அதை வாங்கி மாற்றியவள் கூரோ. அறுபதை எட்டியவள், அதிகம் பேசமாட்டாள், ஒலிப்பதிவு ஓடும்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மர ஊசியால் கம்பளிச் சட்டை பின்னுவாள். வாத்தியக்காரர்களுக்கு அவளைப் பற்றி ஒரு விஷயம் தெரியும்: வாசிப்பு சுமாராக இருந்தால் சட்டை வளரும், நன்றாக இருந்தால் ஊசி நின்றுவிடும். அன்று எங்களுக்கு முன்னால் வந்துபோனவர்கள் தயவில் சட்டையின் ஒரு கை முழுவதும் முடிந்திருந்தது.

யோருனும் வந்தாள். ஒவ்வொரு மெட்டையும் ஆடிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன் என்பது அவள் நிபந்தனை. கையில் அவளுடைய ஆட்டச் செருப்பு, வெள்ளிக் கொக்கி வைத்தது, தோல் அடிப்பாகம், மரக் குதி. நான் என் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, பையிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கூரோ என் காலைப் பார்த்தாள்.

"ஷூ எங்க?"

"வாசல்ல."

"அது பனி பூட்ஸு. ரப்பர் அடி. வாசிக்கிற ஷூ எங்க?"

"இதுதான்." நான் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினேன். "கேட்டியா? ஒரு சத்தம் இல்ல."

கூரோ நாற்காலிக்கு முன்னால் தரையில் கிடந்த ஒரு பலகையைக் காட்டினாள். பழைய பலகை, நடுவில் தேய்ந்து பளபளத்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு மைக்குகள், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், பலகையைப் பார்த்தபடி.

"இது எதுக்குன்னு நெனைக்கிற?"

"சத்தம் வந்தா கண்டுபிடிக்கவா?"

"ஒரு ஆட்டக் கூடத்த இடிச்சாங்க. அதோட தரைப்பலகை. உனக்காக மூணு வாரம் தேடி வாங்கினேன். அந்த ரெண்டு மைக்கும் உன் காலுக்கு." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பதினோரு தடவ போன் பண்ணின. மாடு எத்தன மணிக்குக் கத்தும்னு கேட்ட. காலப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

என் பையைத் திறந்து காட்டினேன். பதினெட்டுத் தந்தி இருந்தது. வில்லில் தேய்க்கிற ரோசின் பிசின் நாலு கட்டி இருந்தது. கைவிரல் சூடாக்கும் பொட்டலம், காதடைக்கும் பஞ்சு, டார்ச் விளக்கு, மெட்ரோனோம், பட்டியலின் நகல் நாலு. கெட்டி அடி வைத்த ஒரு ஷூ இல்லை. இருபத்திரண்டு குறிப்பில் ஒன்றுகூட 'உன் காலை மறக்காதே' என்று சொல்லியிருக்கவில்லை.

"சரி, வாசி. கேக்கலாம்" என்றாள் கூரோ.

வாசித்தேன். ஒரு ஸ்வரம் தப்பவில்லை. மூச்சு சீறவில்லை, பொத்தான் தட்டவில்லை, வயிறு வாயைத் திறக்கவில்லை. இதுபோல நான் ஜன்மத்தில் வாசித்ததில்லை. யோருன் எழுந்து, இல்லாத துணையின் கையைப் பிடித்தபடி, அறையைச் சுற்றி ஆட ஆரம்பித்தாள். ஒரு சுற்று வந்தாள். இரண்டாவது சுற்றின் பாதியில் ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில் நின்றுவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கூரோவின் ஊசிகள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. கழுத்துப் பட்டிவரை போய்விட்டாள்.

"இது என்னது?" என்றாள் யோருன்.

"ஒண்ணாவது மெட்டு."

"அது தெரியுது. நான் எங்க கால வெக்கிறது? எல்லா அடியும் ஒரே நீளம். இதுக்கு வால்ஸ்தான் ஆடலாம். வால்ஸ் ஆடவா நாங்க போட்டிக்குப் போறோம்?"

"சுத்தமா இருந்துச்சே."

"சுத்தமாதான் இருந்துச்சு. கழுவி வெச்ச மாதிரி இருந்துச்சு. உன் கால் எங்க, ஹல்வார்? இருபத்தஞ்சு வருஷமா அது ஒரு நாள் சும்மா இருந்து நான் பாத்ததில்ல. என்ன பண்ணின அத?"

சொன்னேன். பஸ், மெட்ரோனோம், பதினேழாவது குறிப்பு, இருக்கையின் இரும்புக் கால், எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னேன். முடித்ததும் சுவரிலிருந்த ஈரமானியைப் பார்த்தேன். ஈரப்பதம் நாற்பத்தைந்து சதவீதம்.

"என் ஸ்கீ வார்லயா?" என்றாள் யோருன்.

நான் தலையாட்டினேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "கூடத்துல அன்னிக்கு நாலு பிடில்காரங்க உக்காந்திருந்தாங்க" என்றாள். "எனக்கு இருபத்தி நாலு வயசு. நான் உன் மூஞ்சியப் பாக்கல. பாக்குற மாதிரியும் இல்ல. ஆடிக்கிட்டே எந்தக் கால் எனக்குத் தோதா விழுதுன்னு பாத்தேன். உன்னோடது விழுந்துச்சு. அந்தக் காலத்தான் நான் கட்டிக்கிட்டேன். அதப் போயி கட்டிப்போட்டிருக்கியே."

சொல்லிவிடுகிறேன், அழுகை வந்தது. அவள் ஆட வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன்? ஆர்ன்ஃபின்னின் மெட்டு இல்லாமல் என் மெட்டுக்கு அவள் ஒரு செவ்வாய்க்கிழமை ஆடினால் போதும் என்றுதானே? அதற்காகத் தந்தியைக் கவனித்தேன், கஞ்சியைக் கவனித்தேன். அவளைக் கேட்கவில்லை.

பிறகு ஒரு மணி நேரம் என் காலுக்கு வைத்தியம் நடந்தது. கம்பளிச் செருப்பைக் கழற்றித் தட்டினேன், சத்தம் வரவில்லை. கூரோவின் ஷூவை மாட்டப் பார்த்தேன், கட்டைவிரலோடு நின்றுவிட்டது. பிறகு, மூலையில் கிடந்த ஒரு மரக்கட்டையைக் கையால் பிடித்துக் கால்போலத் தட்டு என்றாள் கூரோ. அப்புறம் வில்லை யார் பிடிப்பது? கடைசியில் வெறுங்குதியால் தட்டினேன். சத்தம் வந்தது. ஆனால் கால் ஆறு வாரத்தில் நல்ல மாணவனாகிவிட்டிருந்தது. டொக், டொக், டொக். ஒரே அளவு. பள்ளத்தாக்கை மறந்துவிட்டது.

"சரி, விடு. மூட்டை கட்டலாம்" என்றேன். "ஆர்ன்ஃபின் இசைத்தட்டே இருக்கட்டும். நல்ல தட்டுதான்."

யோருன் வீட்டிலிருந்து மடித்துக்கொண்டு வந்த ரொட்டியைப் பிரித்து, நிதானமாகத் தின்று, காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து, என் தோளோடு தோள் இடிக்கிற மாதிரிப் போட்டு, வெள்ளிக் கொக்கிச் செருப்பைப் பலகைமேல் வைத்தாள்.

"கூரோ, அந்த டிக்டிக் பெட்டிய வெளிய வெச்சிட்டு வா. ஹல்வார், நீ உன் கால மடக்கி நாற்காலிக்கு அடியில வெச்சுக்க. பட்டியலக் கேக்காத. என்னக் கேளு."

அவள் தட்டினாள். குட்டை, நீளம், நடு. நான் வில்லை வைத்தேன். முதல் பத்து நொடி நான் என் அளவில் போனேன், அவள் அவள் அளவில் போனாள். கல்யாணமான புதிதில் இப்படித்தான் இரண்டு பேரும் நடந்தோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் இரண்டு முறை தடுமாறினேன், மூன்றாவது முறை அவள் குதி விழுகிற இடத்தில் என் வில்லும் விழுந்தது. அதன்பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. மூச்சு சீறியது. விட்டேன். ஒரு ஸ்வரம் வழுக்கியது. விட்டேன். மெட்டு முடிந்து தலையை நிமிர்த்தினால், கூரோவின் மடியில் ஊசி இரண்டும் சும்மா கிடந்தன.

நாலு மணிக்குள் ஒன்பது மெட்டும் முடிந்தது. சட்டையின் கழுத்துப்பட்டி அதற்குமேல் ஒரு வரிகூட வளரவில்லை. ஏழாவது மெட்டின் கடைசியில் 'கொர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது என் வயிறு. எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "அது ஒண்ணுதான் நீயா வாசிச்சது" என்றாள் கூரோ.

மார்ச் முதல் செவ்வாய். அன்றைக்கு என் பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். அதை மூன்று வாரம் முன்பே ஏற்பாடு செய்திருந்தேன், வேறென்ன செய்வேன்? கூடத்தில் முப்பது பேர், காபி, வாஃபிள் அப்பம். ஆர்ன்ஃபின்னும் வந்திருந்தார். எழுபது வயது, நெட்டை, கோட்டில் ஒரு சுருக்கமில்லாத மனிதர். யாருடையது என்று சொல்லாமல் இரண்டு இசைத்தட்டிலிருந்தும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஆர்ன்ஃபின்னுடையதற்கு ஆடினார்கள், நன்றாகத்தான் ஆடினார்கள். என்னுடையது ஆரம்பித்ததும் காபிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்களும் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். இரண்டாவது மெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நானும் ஆர்ன்ஃபின்னும்தான். அதற்குமேல் ஓட்டெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆர்ன்ஃபின் கோப்பையோடு எழுந்து என்னிடம் வந்தார்.

"பிடில் பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து இதுவே பெரிய பட்டம். "ஆனா அந்தக் காலு இருக்கே. நான் நாப்பது வருஷமா வாசிக்கிறேன், எனக்கு அப்படி ஒரு காலு அமைஞ்சதில்ல. எப்படிய்யா தயார் பண்ணின?"

இருபது வருஷ வயிற்றெரிச்சல் ஒரே வாயில் குளிர்ந்தது. நெஞ்சு விம்மியது. யோருன் என் பக்கத்தில் வாஃபிள் தட்டோடு நிற்கிறாள் என்பதுகூட நினைவில்லை.

"மூணு மாசம்" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சும்மா இல்ல. ஒரு ஒழுங்கா, ஒரு கட்டுப்பாட்டோட..."

என் இடது கால் விரல்மேல் ஒரு மரக் குதி இறங்கியது. குட்டையாக ஒன்று. நீளமாக ஒன்று. நடுத்தரமாக ஒன்று. யோருனின் முகம் வாஃபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"கால் என்னோடதில்ல" என்றேன். "இவளோடது. என் கால நான் கெடுத்துட்டேன்." முழுக்கதையையும் சொன்னேன். ஸ்கீ வார்வரை சொன்னேன்.

ஆர்ன்ஃபின் சிரிக்கவில்லை. யோருனைப் பார்த்துக் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்தினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"அந்தப் பட்டியல் கைவசம் இருக்கா? ஏப்ரல்ல எனக்கொரு ரெக்கார்டிங் இருக்கு."

நாலு நகல் எதற்கு எடுத்தேன் என்று அப்போது புரிந்தது. ஒன்றைக் கொடுத்தேன். "ஒன்பதும் பதினேழும் வேண்டாம், விட்டுடுங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். இரண்டையும் அடிப்பார் என்று பார்த்தால், கடைசி வரிக்குக் கீழே, அழகான கையெழுத்தில், 'இருபத்து மூன்று: ஒன்பதையும் பதினேழையும் செய்யக் கூடாது' என்று எழுதி, பேனாவை மூடி, காகிதத்தை மடித்து, உள்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

என் கால் மெல்லத் திரும்பி வருகிறது. வாரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் கோணலாகிறது. யோருன் சமையலறையில் நின்று தட்டிக் காட்டுகிறாள். புதுத் தந்தி, ஆவி, எதையும் பார்ப்பதில்லை. குளிர்பெட்டிக் கதவில் இப்போது ஒட்டியிருப்பது மளிகைச் சீட்டு மட்டும்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நான் அதற்குத்தான் எழுதினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்க உட்காரும் முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, போனை அணைத்து, கதவைச் சாத்தினீர்களா? வருகிற வாரம் எங்கேயோ பேசவோ பாடவோ பெண் பார்க்கவோ போக வேண்டியிருந்து, இதில் உபயோகமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டே வந்தீர்களா? நடுவில் 'ஒன்பது, பதினேழு' என்று மனசுக்குள் ஒரு குறிப்பு எடுத்துக்கொண்டீர்களா? அப்படியானால் கொஞ்சம் குனிந்து மேசைக்கு அடியில் பாருங்கள். உங்கள் கால் எதிலாவது கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால், அவிழ்ப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜனவரியிலிருந்து அவர்கள் தேடுகிற வார் அதுவாக இருக்கும்.